ஒரு வரிய மாத்தப் போன கதை

இன்னிக்கு வேலை ஒண்ணே ஒண்ணு. ஜவ்வாது மலையிலேர்ந்து ஒடுகத்தூர் எறங்குற கடைசி பஸ், இன்னிலேர்ந்து அரை மணி நேரம் முன்னாடியே கெளம்புதாம். நாங்க நடத்துற பஸ் நேர ஆப்ல அந்த ஒரு வரிய மாத்தணும். மாத்தலன்னா, புளி மூட்டையோட வர்ற சனம் ஸ்டாப்லயே படுக்கணும்.

நாங்கன்னா நானும், கீழ ஒடுகத்தூர்ல இருக்குற ஏழுமலை அண்ணனும். ஒருத்தர் மாத்துனத இன்னொருத்தர் பாத்துட்டுதான் ஆப்ல ஏத்தணும். நான் போட்ட சட்டம். என் புத்திய என்னன்னு சொல்ல!

புது லேப்டாப்ல மாத்துனேன். வூட்ல சிக்னல் கெடையாது. பின்னாடி பாறை மேல ஏறி அனுப்புனேன்.

அண்ணன் போன் பண்ணாரு. "இன்னாம்மா, ஃபைல் பூரா மாத்தி வச்சிருக்க?"

"ஒரு வரிதாண்ணே!"

"கிட்ல எல்லா வரியும் புதுசுன்னு காட்டுதே."

அப்புறம்தான் புரிஞ்சுது. ஒவ்வொரு வரி முடியுற எடத்துலயும் கண்ணுக்குத் தெரியாத குறி ஒண்ணு இருக்கும். அண்ணன் கம்ப்யூட்டர்ல இருக்குற லினக்ஸ் ஒரு குறி வைக்கும். என் லேப்டாப்ல இருக்குற விண்டோஸ் ரெண்டா வைக்கும். மனுசனுக்கு வித்தியாசமே தெரியாது. எந்த வரி மாறுச்சுன்னு கணக்கு வைக்குற கிட்டுக்கு மட்டும் தெரியும்!

அவர் சரி பண்ணி அனுப்புனாரு. நான் தொறந்து சேவ் பண்ணேன். மறுபடியும் ரெண்டு குறி. பாறை ஏறி எறங்கி முட்டி போச்சு.

"விடும்மா, அப்டியே ஏத்திடலாம்"ன்னாரு.

கேட்டேனா? "ஒழுங்கா செய்யணும்ண்ணே"ன்னுட்டு, எல்லா ஃபைலுக்கும் ஒரே குறிதான்னு ஒரு விதி எழுதிப் போட்டேன். பஸ் நேரத்த பழையபடியே விட்டுட்டு, அப்புறம் மாத்திக்கலாம்னு நெனப்பு.

"இன்னாம்மா, பஸ் படம் ஒண்ணு கூட தொறக்கல!"

எல்லா ஃபைலுக்கும்னு சொன்னேன் இல்ல? படத்தையும் எழுத்துன்னு நெனச்சு கொத்திப் போட்டுடுச்சு. படத்துக்கு மட்டும் விலக்கு குடுத்து, பழைய படத்தையெல்லாம் மீட்டு, மறுபடியும் பாறை.

அண்ணன் சரி சொல்லி ஏத்திட்டாரு. எல்லா வரியும் ஒரே மாதிரி. எனக்குப் பெருமை தாங்கல.

மணி பாத்தேன். புது நேரம் தாண்டிப் போச்சு! ஆப்ல இன்னும் பழைய நேரம்! அந்தக் கடைசி பஸ் கண்டக்டர் அண்ணனுக்கு போன் போட்டேன்.

"பஸ் போய்டுச்சாண்ணே?"

"எங்க போறது? ஒரு ஆளும் வரல. எல்லாம் உன் ஆப்ப பாத்துட்டு மெதுவா வருதுங்க. காலி வண்டிய எறக்குனா டிப்போல திட்டுவாங்கன்னு குந்திக்கினு கீறோம்."

"அப்ப நாளைக்கு?"

"பழைய நேரமேதான். புது நேரத்துக்கு ஆளே வரலன்னதும் டிப்போல சொல்லிட்டாங்க."

ஆக, மாத்தச் சொன்ன அந்த ஒரு வரியத் தவிர, மத்த எல்லாத்தையும் மாத்தி முடிச்சுட்டேங்க.