பந்தாங் அண்ணனின் கம்பளித் தொப்பி

மாதக்கணக்கில் பாடுபட்ட வேலை நல்லபடியாக முடிந்த மறுநாள் காலையில் ஏன் அழுகை வருகிறது? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

பிள்ளை பெறாமலே பந்தாங் இருந்த ஒரே ஆண்பிள்ளை, மலேசியாவில், கெடாவில் எங்கள் அலுவலகத்தில்தான் இருந்தார். பிள்ளை பெற்றவள் காக்கும் பத்தியத்தைத்தான் இங்கே மலாய்ச் சொல்லால் பந்தாங் என்போம். அவருடைய சொந்தப் பெயரைக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். எல்லாருக்கும் அவர் பந்தாங் அண்ணன்; பெயர்க் காரணம் மட்டும் எனக்கு அப்போது தெரியாது.

ஆலைகளுக்குக் கணினித் திட்டம் அமைத்துக் கொடுக்கும் ஆலோசகர்கள் நாங்கள். மகள் குப்புற விழப் பழகிய நாட்களில் நான் வேலைக்குத் திரும்பினேன். சிடாம் கிரி பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலை, அண்ணனோடு எனக்கு முதல் வேலை. லாரி எடை மேடையில் ஏறியதும் கணக்கு தானாகக் கணினியில் பதியவேண்டும். தொடக்க நாளில் மேனேஜர் ரிப்பன் வெட்டினார். பிரியாணி போட்டார்கள். கைதட்டினார்கள்.

மறுநாள் அண்ணன் கம்பளித் தொப்பியும் காலுறையும் கழுத்துத் துண்டுமாக வந்தார். வெளியே வெயில் லாரி டயரை உருக்கிக்கொண்டிருந்தது. கையில் மிளகும் பூண்டும் மணக்கும் குழம்பு. ஐஸ் போட்ட தேநீர், தே ஐஸ் கொடுத்தால் பாம்பைக் கண்டதுபோல் விலகினார். வீட்டில் அண்ணிக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, மனிதர் கூடவே பத்தியம் காக்கிறார் என்று நான் உருகிப்போனேன். மத்தியானமே சுங்கை பட்டாணிக்குப் போய் பம்பர்ஸ் வாங்கி வந்து நீட்டினேன்.

"யாருக்குமா இது?"

"பாப்பாவுக்குண்ணே. அண்ணி எப்படி இருக்காங்க?"

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆவல லா."

எடை மேடையைப் பார்க்கும் செல்வி அக்கா சிரித்த சிரிப்பில் பொத்தானில் கை பட்டு ஒரே லாரி இரண்டு முறை பதிவானது. புதிய திட்டத்தின் முதல் பிழை என்னால்தான்.

"போன வருசம் இங்க சம்பளத் திட்டம் போட்டாரு பாரு, அப்பவும் இப்படித்தான். மஞ்சகூட பூசிக்கிட்டு வந்தாரு" என்றார் அக்கா.

மலாய்க்காரரான எங்கள் முதலாளி அன்றே போன் செய்தார். ஜித்ராவில் புது வேலையாம், உடனே வரவேண்டுமாம். "பந்தாங், பாஸ்" என்றார் அண்ணன். மறுமுனையில் ஒரு கேள்வியும் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எனக்குத்தான் வேலையில் மனம் ஓடவில்லை. இப்போது வருவதெல்லாம் "பாஸ்வேர்ட் மறந்துட்டேன்", "பிரிண்டர் ஓடல" என்ற அழைப்புகள். பிள்ளையை ஆயா வீட்டில் விட்டுவிட்டு இதற்காகவா வருகிறேன்? இந்த ஆலையைத் தொடர்ந்து பார்த்துக்கொள்வேனா, விலகுவேனா என்று வெள்ளிக்கிழமைக்குள் முதலாளிக்குச் சொல்லவேண்டும். விலகல் செய்தியைப் போனில் தட்டுவதும் அழிப்பதுமாக இருந்தேன்.

வியாழக்கிழமை அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தங்கச்சி, நெசமான பந்தாங்ல என்னதான் செய்வீங்க?"

"உங்களுக்குத் தெரியாதாண்ணே?"

"எங்க தெரியும்? எங்க அக்காவப் பாத்து காப்பி அடிச்சதுதான். ஒரு திட்டத்தத் தொடங்கி வச்சு முடிஞ்சா எனக்குப் பாய விட்டு எந்திரிக்கவே மனசு வராது. சோம்பேறின்னுவாங்க. பந்தாங்னு சொல்லிட்டா யாரும் கேக்க மாட்டாங்க."

யோசித்தேன். "உக்காந்து அழுவேண்ணே. பால் குடுப்பேன். மறுபடி அழுவேன்."

"அழலாமா?"

"அழலாம்."

"அப்ப நான் சரியாத்தான் செய்யறேன்" என்று குழம்பை என் பக்கம் தள்ளினார். மிளகுக் காரத்தில் இருவர் கண்ணிலும் தண்ணீர். மிளகின்மேல் பழிபோட வசதியாக இருந்தது. போன் அடித்தது. யாரோ பாஸ்வேர்டை மறந்திருந்தார். எடுத்துப் பேசினேன்.

வெள்ளிக்கிழமை, இருக்கிறேன் என்று சொன்னேன். சரிதானா என்று இன்றும் யோசிக்கிறேன்.

போன வாரம் ஜித்ராவில் நான் தனியாக நடத்திய முதல் திட்டம் தொடங்கியது. இப்போது பண்டார் பாருவில் இருக்கும் அண்ணனை விழாவுக்கு அழைத்திருந்தேன். வரவில்லை. மறுநாள் காலை வந்தார், கெடாவின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குக் காரோட்டிக்கொண்டு. தொப்பியைக் கழற்றி என் மேசையில் வைத்தார். சூடாக, பாலில்லாமல் ஒரு தே ஓ குடித்தார். போய்விட்டார்.

அந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பூண்டு வாடையில் மகள் கிட்டே வர மறுக்கிறாள். எனக்கோ துவைக்க மனம் வரவில்லை. என் பந்தாங் முடிவதற்குள் துவைக்கலாமா, கூடாதா? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.