லுதோவினாவின் பதினைந்து நிமிடம்

பானி,
ஜூலை 9

மதிப்பிற்குரிய மச்சான் அன்செல்மோ அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் இப்போலித்தோ வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். சாந்தியாகோவில் நீங்களும் அக்காவும் சுகமாக இருக்க கன்னி மரியாளை வேண்டுகிறேன். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் உங்கள் தங்கையை நான் ஒரு வார்த்தை பாராட்டியதில்லை என்று ஈஸ்டருக்கு வந்தபோது குத்திக் காட்டினீர்கள். இன்று பாராட்டப் போகிறேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

போன சனிக்கிழமை மளிகைக்கடை வாசலில் டோமினோ இறுதி ஆட்டம். காலையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டேன். மசித்த வாழைக்காயைத் தட்டில் வைத்துவிட்டு லுதோவினா தையல் மெஷினுக்குப் போனாள். அதற்குள் ஆட்டத்தில் என் ஜோடியான தொரிபியோ வந்து கூப்பிட்டான். வந்து சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று தட்டை மூடிவிட்டுக் கிளம்பிவிட்டேன். பத்து மணிக்கு உடம்பெல்லாம் வேர்த்தது, வெயில் என்று நினைத்தேன். கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது, ஜெயிக்கப்போகிற பதற்றம் என்று நினைத்தேன். காயில் புள்ளிகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன, கடைக்காரன் மட்டமான காய் வாங்கிவிட்டான் என்று நினைத்தேன். ஐந்துக்குப் பக்கத்தில் ஐந்தைத்தான் சேர்க்க வேண்டும், நான் மூன்றை வைத்தேன். ஏன் என்று கேட்ட தொரிபியோவைத் திட்டினேன். அவன் அம்மாவையும் சேர்த்துத் திட்டினேனாம். அந்த அம்மாள் எதிரே நாற்காலி போட்டு ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலேயே ரம் ஏற்றிவிட்டான் என்று எல்லோரும் முடிவுகட்டி, படுக்க வைக்க என்னைத் தூக்கப் பார்த்தார்கள்.

மூடிய தட்டைப் பார்த்துவிட்டு, கழுத்தில் அளவு நாடாவோடு உங்கள் தங்கை ஓடி வந்தாள்.

"குடிக்கல. சக்கர இறங்கிடுச்சு. தள்ளுங்க."

விரலைக் குத்திப் பார்த்தாள்: 48. தொரிபியோ நல்ல மனசோடு ஒரு சோடாவை நீட்டினான். சர்க்கரை இல்லாத சோடா. இதற்குப் பச்சைத் தண்ணீரே தேவலை என்று தள்ளிவிட்டாள். கடைக்காரன் சாக்லேட் கொண்டு வந்தான். அதில் கொழுப்பு, மெதுவாகத்தான் ஏறும் என்று அதையும் ஒதுக்கினாள். சர்க்கரை போட்ட கொய்யாச் சாறு அரை டம்ளர் வாங்கி என் வாயருகே வைத்தாள். நான் அவளைப் பார்த்து, "நீ யாரும்மா?" என்று கேட்டேனாம்.

"உங்க பொண்டாட்டிதான். குடிங்க."

குடித்தேன். இன்னும் கொடு, இன்னும் கொடு என்று கூட்டம் பறந்தது. அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"பதினஞ்சு நிமிஷம். அதுவரைக்கும் யாரும் எதுவும் கொடுக்காதீங்க. மயங்கிட்டார்னா வாயில ஒரு சொட்டுகூட ஊத்தக் கூடாது, ஆம்புலன்ஸ்தான்."

குரல் அசையவில்லை மச்சான், ஆனால் என் மணிக்கட்டைப் பிடித்திருந்த அவள் விரல்கள் ஜில்லென்றிருந்தன. பதினைந்து நிமிடத்தில் 63. மறுபடி அரை டம்ளர், மறுபடி பதினைந்து நிமிடம். 91. அதற்கப்புறம்தான் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தந்தாள். நான் முதலில் தொரிபியோவின் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இதையெல்லாம் சுகாதார நிலையத்தில் வியாழக்கிழமை வகுப்பில் கற்றாளாம். ஊர்வம்பு பேசப் போகிறாள் என்று நான் ஒரு வருஷமாகக் கேலி செய்த வகுப்பு அது. மச்சான், உங்கள் வீட்டில் பிறந்தவள் தையல்காரி இல்லை, தளபதி. அவள் நடந்து வரும்போது தெருவே ஒதுங்குகிறது, பூகம்பம் வந்தாலும் அவள் கடிகாரத்தைப் பார்த்துத்தான் ஆடச் சொல்லுவாள், அவளைப் பெற்றதற்கு உங்கள் அம்மாவுக்குச் சிலை வைக்கணும், ரெண்டு சிலை வைக்கணும், நானே செலவு பண்றேன்.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
இப்போலித்தோ

பின்குறிப்பு: அண்ணா, லுதோவினா எழுதுகிறேன். தபாலில் போடும் முன் வாசித்தேன். சிலை என்ற இடத்தில் கையெழுத்து கோணுகிறது, இந்த மனுஷர் என்னைப் புகழ்ந்துவேறு இருக்கிறார். சந்தேகப்பட்டு விரலைக் குத்தினேன்: 58. கடிதம் எழுதும் மும்முரத்தில் மத்தியானம் சாப்பிடவில்லை. இப்போது சாறு குடித்துக்கொண்டிருக்கிறார். மேலே உள்ள எதையும் நம்பாதீர்கள்.

மச்சான், இப்போது 96. சாப்பிட்டுவிட்டேன். முழுவதையும் திரும்பப் படித்தேன். ஒரு எழுத்தையும் அடிக்கவில்லை.