தராசுக்கு வைத்த பொட்டு

கும்மிடிப்பூண்டி,
ஆயுத பூஜை லீவு முடிந்த முதல் நாள், 1974

மகாராஜராஜஸ்ரீ மைத்துனர் துளசிராமன் அவர்கள் சமூகத்துக்கு, தணிகாசலம் நமஸ்காரம். இங்கே நானும் உங்கள் தங்கை சந்திரகலாவும் சுகம். தராசுதான் சுகமில்லாமல் கிடந்தது.

நீங்கள் சிபாரிசு செய்து வாங்கிக்கொடுத்த மருந்துக் கம்பெனி வேலை இன்று காலை போகப் பார்த்தது மச்சான். பத்து மணிக்குச் சென்னையிலிருந்து ஆபீசர் வந்து என் பொறுப்பிலுள்ள தராசைச் சோதிப்பார். சரியாக இருந்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்கு. தராசுதானே என்று சிரிக்காதீர்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கத்தி முனைமேல் உட்கார்ந்து ஆடும் உலோகப் பார், அதன் இரு பக்கமும் தொங்கும் தட்டுகள், நான் பெருமூச்சு விட்டால்கூட நகரும் முள். முனை தேயாமலிருக்க, வேலையில்லாத நேரத்தில் பாரைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளக் கீழே ஒரு திருகு உண்டு. தூக்கிவிட்டால் யானையை வைத்தாலும் அசையாது. துடைத்து வைக்கலாமென்று எட்டு மணிக்குப் பெட்டியைத் திறக்கிறேன், தட்டு இரண்டிலும் சந்தனம், குங்குமம், பாரின்மேல் ஒரு சாமந்தி! பெருக்குகிற மணியம்மாளைக் கேட்டால், "இன்னா சார், பாய்லரு, லாரி எல்லாத்துக்கும் வச்சிக்கினு வந்து இத்த மட்டும் வுட்டா சாமி கோச்சுக்காதா? ரெண்டு தட்டுக்கும் சமமாத்தான் சார் வச்சேன்" என்கிறாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுக்கிறேன், மானேஜர் வேறு எட்டிப் பார்த்து, "இன்னாய்யா, ரெடியா?" என்கிறார். "ஆய்க்கினே இருக்குது சார்" என்றேன். கடைசியில் பயந்துகொண்டே முள்ளைப் பார்த்தேன். நட்டநடுவில் நிற்கிறது! இந்தத் தராசு இவ்வளவு அடக்கமாக நின்று நான் பார்த்ததே இல்லை.

ஆகவே, ஒருவேளை வேலை போனால் நாங்கள் வந்து தங்குவதற்காகக் கடம்பத்தூரில் காலியாகப் போட்டு வைத்திருக்கிறீர்களே மாடி அறை, அதை இனித் தாராளமாக வாடகைக்கு விடலாம். அக்காவுக்கு எங்கள் நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். உங்கள் புண்ணியத்தில் இங்கே அடுப்பு எரிகிறது.

இப்படிக்கு,
தணிகாசலம்

பின்குறிப்பு: ஆபீசர் வந்தார். முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இன்னும் திருகையே திருப்பலையே?" என்று அவரே திருப்பினார். பார் இறங்கியது. கூடவே வலது தட்டும் கடகடவென்று இறங்கியது. குனிந்து பார்த்தால் தட்டின் அடியில் ஒரு பெரிய பொட்டு. இடது தட்டின் அடியில் இல்லை. "அங்க கை எட்டல சார்" என்கிறாள் மணியம்மாள். மாடி அறையை யாருக்கும் விட்டுவிட வேண்டாம்.