பச்சைப் பையும் ஹவில்தாரும்

டீ கேட்டுவிட்டு, கேட்டதை மாஸ்டர் திருப்பிச் சொல்லும்வரை பெஞ்சில் உட்காராத மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் திருவண்ணாமலையில் என் எதிர்வீட்டில் குடியிருந்தார். அவருக்கு ஒரு பெயர் இருந்தது; ரேஷன் கார்டைத் தவிர யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. ஊருக்கு அவர் ஹவில்தார்.

“மாஸ்டர், ஒரு டீ, சக்கரை கம்மி, டிகாஷன் ஜாஸ்தி.”

“ஒரு டீ, சக்கரை கம்மி, டிகாஷன் ஜாஸ்தி” என்பார் மாஸ்டர், சாட்சிக் கூண்டில் நிற்பவரைப் போல.

“சரி, போடுங்க.”

பதினேழு வருடம் ராணுவத்தில் வயர்லெஸ் பிரிவில் இருந்தவர். அங்கே உத்தரவைக் கேட்கிறவன் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டுமாம். அந்தப் பழக்கத்தையும் டிரங்குப் பெட்டியோடு வீட்டில் இறக்கிவிட்டார். ரசத்துக்கு உப்பு கேட்டால்கூட அவர் மனைவி கஸ்தூரி அக்கா “ரசத்துக்கு உப்பு” என்று சொல்லிவிட்டுத்தான் அடுப்படிக்குப் போக முடியும். நடுவில் கேள்வி கேட்கக் கூடாது. கேட்டால் “லைன் கெட்டுடும்” என்பார்.

எங்கள் பக்கத்தில் ராணுவத்திலிருந்து திரும்புகிறவர்கள் ஏ.டி.எம். வாசலில் காவலுக்கு உட்காருவார்கள், இல்லாவிட்டால் மணிலாக்கொட்டை பயிரிடுவார்கள். இவர் நாற்பதை நெருங்கும் வயதில், கடற்கரையோரத்து அணுமின் நிலையத்தில் அதிகாரி ஆகப்போவதாக அறிவித்தார். தெரு இரண்டு நாள் சிரித்தது. மூன்றாம் நாள் காலையில் என் வாசலில் நின்றார். நான் டியூஷன் சென்டரில் இயற்பியல் வாத்தியார். அவரைவிடப் பத்து வயது சின்னவன்.

“சார், எனக்கு நியூட்ரான் வேணும்” என்றார், கால் கிலோ கத்தரிக்காய் கேட்பதுபோல.

ராணுவத்தில் இருக்கும்போதே தபால்வழியில் பி.எஸ்ஸி. முடித்திருந்தார். முன்னாள் ராணுவத்தினருக்கு வயதில் சலுகை உண்டு. ஆனால் அந்தச் சலுகையும் அவருக்கு அந்த ஒரு தேர்வோடு தீர்ந்துவிடும். தவறினால் மறுபடி விண்ணப்பிக்கவே முடியாது.

“அதிகாரிதான் ஆவணும்னு ஏங்க இவ்ளோ பிடிவாதம்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பதினேழு வருஷம் அடுத்தவங்க எடுத்த முடிவத்தான் சார் நான் லைன்ல சொன்னேன். ஒண்ணாவது நானா எடுத்துப் பாக்கணும்.”

அதற்குப் பிறகு நான் கேலி செய்வதை நிறுத்திவிட்டேன். ரொம்ப நாள் நிறுத்த முடியவில்லை என்பது வேறு விஷயம். ஏனென்றால் அவர் படித்தது கிரிவலப் பாதையில், நடந்துகொண்டே, பரேடு மைதானத்துக் குரலில். அடி அண்ணாமலை அருகே ஒரு தெலுங்குக் குடும்பம் பக்தியோடு அவர் பின்னால் சேர்ந்துகொண்டது. “யுரேனியம் இருநூத்தி முப்பத்தஞ்சு” என்று இவர் சொல்ல, அவர்கள் ஏழு பேரும் கைகூப்பியபடி அதையே சொன்னார்கள். நான் வெட்கத்தில் ஒரு புளியமரத்தின் பின்னால் ஒதுங்கினேன். இவர் திரும்பிப் பார்த்து, “சரி, அடுத்தது” என்றார்.

எழுத்துத் தேர்வில் தேறிவிட்டார். நேர்முகத் தேர்வு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு. அசல் சான்றிதழ் இல்லாதவர்களை உள்ளேயே விடமாட்டார்கள் என்று கடிதத்தில் போட்டிருந்தது. ராணுவத்தில் கர்னல் ஒன்பது என்றால் சுபேதார் எட்டரை என்பார், ஹவில்தார் எட்டு என்பார். இவர் எல்லாப் பதவிக்கும் சேர்த்துக் கழித்ததில், ஞாயிறு காலை பத்து மணிக்கே கிளம்ப வேண்டியதாயிற்று. அந்த ஞாயிறு பௌர்ணமி.

“கஸ்தூரி, பச்சைப் பைய எடுத்தா.”

அக்கா ஒரு நொடி அவரையே பார்த்தார். “பச்சைப் பைய எடுத்தாறேன்.”

“சரி.”

பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தால் பஸ்கள் ஊருக்குள் வராது. கீழ்பென்னாத்தூர் பக்கம் போகிற சாலையில் தற்காலிக பஸ் நிலையம் போட்டிருந்தார்கள். வழியனுப்பப் போன நானும் அவருமாகக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒன்றேகால் மணி நேரம் நடந்தோம். பஸ்ஸில் இடம் பிடித்து உட்கார்ந்ததும் பையைத் திறந்தார். உள்ளே இஸ்திரிக்குப் போக வேண்டிய நான்கு சட்டையும் ஒரு போர்வையும் இருந்தன.

சான்றிதழ்கள் நீலப் பையில். நீலப் பை வீட்டில்.

போன் போட்டோம்; அந்தக் கூட்டத்தில் டவர் கிடைக்கவில்லை. கண்டக்டர் பாவமாகப் பார்த்தார். “இந்த வண்டி போனா அடுத்தது எப்பன்னு எனக்கே தெரியாதுங்க. ரோட்ட மூடப்போறாங்க.”

ஹவில்தார் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து, மறுபடி பையில் வைத்தார். “நான்தான் சார் பச்சைன்னேன்” என்றார் மெதுவாக. டிரைவர் வண்டியைக் கிளப்பினார். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே இறங்கி பஸ்ஸுக்கு முன்னால் நின்றுகொண்டேன். எட்டாம் வகுப்புப் பையன்களுக்கே பயப்படுகிற வாத்தியார் நான். ஹாரன் அடித்தார்கள், திட்டினார்கள். என் கால்கள் அங்கேயே ஊன்றி நின்றன.

அப்போதுதான் கூட்டத்தில் எதிர்நீச்சல் போட்டபடி ஒரு நீலப் பை வந்தது. அதற்குக் கீழே கஸ்தூரி அக்கா. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மூச்சு வாங்க ஜன்னல் வழியாகப் பையைத் திணித்தார்.

“பச்சை இல்லன்னு அப்பவே தெரியுமா?” என்றார் ஹவில்தார்.

“தெரியும்.”

“சொல்லியிருக்கலாமில்ல?”

“திருப்பித்தான் சொல்லணும், கேள்வி கேக்கக் கூடாதுன்னு யாருங்க சொன்னது? நீங்க போனப்புறம் மனசு கேக்கல. ஓடியாந்தேன்.”

நான் விலகினேன். பஸ் நகர்ந்தது. கண்ணிலிருந்து மறையும்வரை அவர் அக்காவையே பார்த்துக்கொண்டு போனார்.

நேர்முகத் தேர்வில் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்களாம்: “கட்டுப்பாட்டு அறையில் மேலதிகாரி தவறான உத்தரவு கொடுத்தால் என்ன செய்வீர்கள்?”

“எஸ் சார்னு வாய்வரைக்கும் வந்துட்டுது” என்றார் என்னிடம். “அந்த ஒத்தச் செருப்பு ஞாபகம் வந்துது. தப்புன்னு பட்டா நின்னு கேப்பேன் சார்னேன். எனக்குக் கீழ இருக்கறவங்களையும் என்னக் கேக்க விடுவேன்னேன்.”

வேலை கிடைத்தது. வீட்டிலும் சட்டத் திருத்தம் வந்தது: உத்தரவைத் திருப்பிச் சொன்னபின் அக்கா ஒரு ‘ஆனா’ சேர்த்துக்கொள்ளலாம். ஒரு ஆனாவில் எந்தப் பேச்சும் நிற்பதில்லை என்று ஹவில்தார் புலம்பிக்கொண்டே குடும்பத்தோடு கிளம்பிப் போனார்.

போன மாதம் அவரைப் பார்க்கப் போனேன். அதிகாரிகள் குடியிருப்புக்குள் யாரும் சும்மா நுழைய முடியாது. நாம் யார், என்ன உறவு என்று அங்கே குடியிருப்பவர் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். வாசலில் காவலர் தாளைப் பார்த்தார்.

“சாரோட சொந்தத் தம்பிங்களா? அப்படித்தான் எழுதியிருக்காரு.”

ஒருநாள்கூட என்னை ‘சார்’ என்பதைத் தவிர வேறு எப்படியும் கூப்பிடாத மனிதர் அவர்.

“ஆமாங்க, சொந்தத் தம்பிதான்” என்றேன்.