ஃபெயிலோடு கடலுக்குப் போன படகு

பழவேற்காட்டில் இங்கிலீஷை லி பெயிண்டர் அளவுக்கு நேசித்தவரும் இல்லை, தண்ணீரைக் கண்டு அவர் அளவுக்கு நடுங்கியவரும் இல்லை! படகுகளுக்குப் பெயர் எழுதுவதுதான் தொழில். ஆனால் படகில் கால் வைத்ததே கிடையாது. எழுத்து பழகியது டச்சுக் கல்லறைக் கற்களைத் தடவித் தடவி. அதனால் எங்கள் குப்பத்துப் படகுகள் எல்லாம் 'இங்கே உறங்குகிறார்' என்ற தோரணையில்தான் மிதக்கும்.

அம்மன் பெயரை எழுதச் சொன்னால் எழுதுவார். கூடவே ஓர் இங்கிலீஷ் வார்த்தை இலவசம். அது 'லி'யில்தான் முடியும்; அதனால்தான் அவர் லி பெயிண்டர்.

"எல்லா போட்டும்தான் ஓடுது. எப்டி ஓடுதுனு சொல்ல வேணாமா? நடுவுல வேரு, முன்னாடி ஒரு ஒட்டு, பின்னாடி ஒரு ஒட்டு. அவ்ளோதாம்பா இங்கிலீஷு!"

என் அப்பா நைனாவின் புதுப் படகுக்கு அவர் தேர்ந்தெடுத்தது 'அன்ஃபெயிலிங்லி'. ஒருநாளும் கைவிடாமல் என்று அர்த்தமாம். 'ஃபெயில்' என்ற வேரை முதலில் எழுதினார். பின்னால் 'இங்', அதற்கும் பின்னால் 'லி'. முன்னால் வரும் 'அன்' மட்டும் சிவப்பில்தான் வேண்டும் என்று அடம். சிவப்பு தீர்ந்திருந்தது. வாங்கி வரப் பொன்னேரிக்கு பஸ் ஏறிவிட்டார்.

அதற்குள் முகத்துவாரத்தில் தண்ணீர் வாகாக ஏறியது. தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, நைனா ஏறிக்கொண்டதும் படகைத் தள்ளிவிட்டார்கள். அப்போதுதான் எல்லோரும் பார்த்தோம்: ஃபெயிலிங்லி! 'ஃபெயில்' என்ற வார்த்தைக்கு எங்கள் குப்பத்தில் யாருக்கும் அகராதி தேவையில்லை. முந்தைய படகைக் கடல் கொண்டுபோய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. முதல் தடவை போகும் படகைப் பின்னாலிருந்து கூப்பிடவும் கூடாது. கரையே வாயைப் பொத்திக்கொண்டு நின்றது.

அந்த நேரம் பார்த்து பெயிண்டர் வந்து சேர்ந்தார். பார்த்தார். என் பக்கம் திரும்பினார்.

"உங்க சித்தப்பாவ போட்டை எடுக்கச் சொல்லு!"

"அண்ணே, நீயா? தண்ணியிலயா?"

"இன்னா பண்றது? அந்த ஃபெயில நான்தானே எழுதுனேன்!"

கண்ணை இறுக மூடி, பிரஷை வாயில் கவ்விக்கொண்டு ஏறினார். நானும் தொற்றிக்கொண்டேன். ஒவ்வோர் அலைக்கும் அவர் வேண்டாத சாமி இல்லை, மாதாவையும் விடவில்லை. ஒருவழியாக நைனாவின் படகை எட்டிப் பிடித்து ஒட்டி நிறுத்தினோம்.

"யோவ், நீ இன்னாய்யா இங்க?" நைனா வாயைப் பிளந்தார்.

பெயிண்டர் பிரஷை எடுத்துச் சிவப்பில் தோய்த்தார். ஒரு கை என் சட்டையைப் பிடித்திருக்க, மறு கை 'அன்' எழுதியது. எழுதி முடித்த கையோடு கடலை நோக்கிக் குனிந்து வாந்தி எடுத்தார்.

"இப்ப போ! எவ்ளோ தூரம் வேணா போ!"

சாயங்காலம் நைனா பத்திரமாக, இறாலோடு வந்து சேர்ந்தார்.

மறுவருஷம் பெயிண்ட் அடிக்க வந்த பெயிண்டர், கோணல்மாணலாக வழிந்திருந்த அந்த 'அன்'னைச் சுரண்டப் போனார்.

"அத்தத் தொட்டே, கைய ஒடைச்சிடுவேன்" என்றார் நைனா.

நைனாவுக்குப் பாசத்தை வேறு மாதிரி சொல்லத் தெரியாது. நான் நேராகவே சொல்லிவிடுகிறேன்: அந்த மனுஷன் மேல் எங்கள் வீட்டுக்கே உயிர்.