றைட் காக்கா மிச்சம் வைத்த பந்து

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் றைட் காக்காவைவிட மெதுவாகப் பந்து வீசியவர் ஒருவரும் இல்லை. அவரைவிட அதிகம் பேரை ஆட்டமிழக்கச் செய்தவரும் இல்லை. அவர் கையை விட்ட பந்து விக்கெட்டுக்கு வந்து சேர்வதற்குள், காகம் ஒன்று நடுவில் இறங்கி, பந்தைப் பார்த்து, யோசித்து, பறந்து போனதை விக்கெட் கீப்பரான நான் என் கண்ணாலேயே கண்டிருக்கிறேன்.

தொழில் பஸ் கொண்டக்டர். எதற்கும் ‘றைட்’ என்பதுதான் அவர் வாயில் வரும். தன்னுடைய நிக்காஹ்வில் சம்மதம் என்று ‘கபூல்’ சொல்ல வேண்டிய இடத்தில் ‘றைட்’ என்று சொல்ல, பின்னால் இருந்த நாலு பேர் பஸ் வெளிக்கிடுகிறதாக்கும் என்று எழும்பிவிட்டார்கள் என்பது ஊர்க்கதை. எங்களைவிட மூத்தவர், அதனால் காக்கா, அதாவது அண்ணன்; உண்மைப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

எழுபதுகளின் கடைசி. எங்கள் தெரு அணிக்கு என் மச்சான் சலீம்தான் கப்டன். நாற்பதைத் தாண்டிய காக்கா காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் நேரே கடற்கரைத் திடலுக்கு வருவார். “இவருக்கு பந்தக் குடுத்தா ஊரே சிரிக்கும்டா” என்று சலீம் புழுங்கினான். ஊர் சிரித்ததும் உண்மைதான். சிரித்துக்கொண்டு வந்த துடுப்பாட்டக்காரர்கள் சிரிப்பு அடங்குமுன்பே திரும்பிப் போனதும் உண்மை.

கரையோர ஊர்களில் துடுப்புப் பிடித்த அத்தனை பேரும் காக்காவின் பஸ்ஸில் போய் வந்தவர்கள். டிக்கட் கொடுக்கிற சாட்டில் ஒவ்வொருவரையும் அவர் படித்து வைத்திருந்தார். மரம் விற்கிற நிந்தவூர் மரக்காலை முதலாளி ஒருவர், இறங்குகிற இடத்துக்கு இரண்டு ஹோல்ட் முந்தியே எழும்பி வாசலில் தொங்குவார். அவர் துடுப்போடு வந்த நாள் காக்கா என் காதுக்குள் சொன்னார்.

“இவருக்குப் பொறுமை இல்ல தம்பி. பந்து வரமுந்தி இறங்கிருவாரு. நீ ஸ்டம்புக்குக் கிட்ட வந்து நில்லு.”

முதலாளி இறங்கினார். துடுப்பை ஒரு சுற்றுச் சுற்றினார். சுற்றி முடித்து, பந்து எங்கே விழுகிறது என்று கடல் பக்கம் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் பந்து என் கைக்கு வந்தது. ஆறுதலாக ஸ்டம்பைத் தட்டினேன்.

இன்னொருவர் அட்டாளைச்சேனை மாஸ்டர். டிக்கட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்காமல் சட்டைப் பையில் போடமாட்டார். “இவர் எல்லாத்துலயும் சூது தேடுற ஆள். நேராப் போட்டாப் போதும்” என்றார் காக்கா. நேராகவே போட்டார். அது எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று மாஸ்டர் கடைசிவரை ஆராய்ந்துகொண்டு நின்றார். எந்தப் பக்கமும் திரும்பாமல் வந்து நடு ஸ்டம்பில் பட்டது. “அதுக்குள்ள என்னதான் வெச்சிருந்த?” என்று கேட்டுக்கொண்டே மாஸ்டர் வெளியே போனார்.

இப்படி இருக்கையில்தான் ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மறுநாள் பாலமுனையோடு போட்டி வந்தது. தோற்ற அணி தன் துடுப்பை வென்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். எங்களிடம் இருந்ததே ஒரு நல்ல துடுப்பு. சலீமின் மூத்த காக்கா வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்தது. சலீம் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறவன்.

அவர்கள் பக்கத்தில் மஜீத் என்றொரு ராட்சதன். அடித்தால் பந்து தென்னைகளுக்கு மேலால்தான் போகும். கொடுமை என்னவென்றால், மஜீதிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது. ஒரு நாளும் பஸ்ஸில் ஏறியதில்லை.

“இந்த ஆள எனக்குத் தெரியாதே” என்று காக்கா முதல் தடவையாகக் கவலைப்பட்டார்.

கடைசி ஓவர். அவர்களிடம் ஒரு விக்கெட்தான் மிச்சம். வெல்ல இருபது ஓட்டம் வேண்டும். மற்ற எல்லோரும் மஜீதிடம் அடிவாங்கிக் களைத்திருந்ததால் பந்து காக்காவின் கைக்குப் போனது. முதல் பந்து தென்னைக்கு மேலால் போனது. இரண்டாவது இன்னும் மெதுவாக வந்து, அதே தென்னைக்கு மேலால் போனது. மூன்றாவது பந்து வந்த வேகத்துக்கு மஜீத் ஒரு கொட்டாவி விட்டு முடித்தே அடித்திருக்கலாம். அதுவும் சிக்ஸ். இனி இரண்டே இரண்டு ஓட்டம். பாலமுனைக்காரர் திடலுக்குள் இறங்கி ஆடத் தொடங்கிவிட்டார்கள்.

சலீம் அழாக்குறையாக ஓடி வந்தான். “காக்கா! நீங்க யாருட பக்கம்? கொஞ்சம் கெதியாப் போட்டா என்ன?”

“றைட்” என்றார் காக்கா.

அதே நடை, அதே ஓட்டம். மஜீத் துடுப்பை மேலே தூக்கி, பந்து வரட்டும் என்று ஆறுதலாகக் காத்து நின்றான். எனக்கு ‘விர்ர்’ என்று ஒரு சத்தம்தான் கேட்டது. நடு ஸ்டம்ப் பிடுங்கப்பட்டு என் காலடியில் கிடந்தது. மஜீதின் துடுப்பு அப்போதும் மேலேதான் நின்றது.

எங்கள் தெரு முழுவதும் கடலை நோக்கி ஓடியது, ஏனென்று தெரியாமல். சலீம் துடுப்பைக் கட்டிப்பிடித்து மணலில் புரண்டான். காக்காவைத் தோளில் தூக்கினோம்.

“எப்பிடி காக்கா?” என்று மேலே பார்த்துக் கேட்டேன்.

“மூணையும் ஒண்டுக்கொண்டு மெல்லப் போட்டன். அவன்ட கை அதுக்குப் பழகிட்டு. என்னட்ட வேகப் பந்து ஒண்டே ஒண்டுதான் இருந்திச்சி தம்பி. இத்தின வருசமா அத மிச்சம் வெச்சிருந்தன்.”

இறக்கி விட்டதும் நேரே மஜீதிடம் போய் மணலில் உட்கார்ந்தார். அவன் எங்கே ஏமாந்தான் என்பதை விரலால் மணலில் கீறிக் கீறி விளக்கினார். “அவனுக்கு எதுக்கு இதெல்லாம்?” என்று சலீம் பல்லைக் கடித்தான். மஜீத் கெட்டிக்காரன், அடுத்த வருடம் எங்களைப் பிரித்து மேய்ந்தான். ஆனால் அது அடுத்த வருடம். அந்தப் பெருநாளில் நாங்கள்தான் ராசாக்கள்.

அந்த ஒரு பந்து காக்காவின் தோளைக் கொண்டு போய்விட்டது. இரண்டு கிழமைக்கு வலது கையைத் தூக்க முடியவில்லை; அப்படியிருந்தும் வேலைக்கு வந்தார். அந்த இரண்டு கிழமையும் நான் தினமும் அவருடைய பஸ்ஸில் ஏறி, பிரேக் போடும்போது அவர் விழாதபடி தோளுக்கு அண்டை கொடுத்து அக்கரைப்பற்று வரைக்கும் நின்றுகொண்டு போனேன். எங்கே போகிறாய் என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. எனக்கு அங்கே ஒரு வேலையும் இருக்கவில்லை.