பச்சோந்தி தவசிக்கு விசா கிடைச்ச கதை

ஒரு காட்டுல தவசின்னு ஒரு பச்சோந்தி இருந்தான். இருந்தான்னு நான் சொல்றதை நீங்க நம்பித்தான் ஆகணும். ஏன்னா அவன் கூடப் பொறந்ததுங்களே அவனைச் சரியாப் பார்த்தது கிடையாது. இலை மேல உக்காந்தா இலை, பட்டை மேல உக்காந்தா பட்டை. ஒரு தடவை மைனா ஒண்ணு அவன் முதுகுல வந்து உக்காந்து, தன் மாமியாரைப் பத்தி அரைமணி நேரம் இன்னொரு மைனாகிட்ட பேசிட்டுப் போச்சு. தவசி அசையாமக் கேட்டுக்கிட்டு இருந்தான். பாதியில "நான் கிளை இல்லீங்க"ன்னு சொன்னா அந்தம்மாவுக்குச் சங்கடமாப் போயிருமேன்னு ஒரு நல்லெண்ணம்.

இப்படி இருக்குறப்ப அந்தக் காட்டுக்கு டவர் வந்துச்சு. டவர் வந்ததும் போன் வந்துச்சு. போன் வந்ததும் 'கடைசி மரம்'னு ஒரு விளையாட்டு வந்துச்சு. நூறு பேரு நூறு மரத்துல ஏறுவாங்க, ஒருத்தரை ஒருத்தர் தள்ளி விடுவாங்க, கடைசியா எவன் மரத்துல நிக்கிறானோ அவன் ஜெயிச்சான். அவ்வளவுதான் விளையாட்டு. ஆனா காட்டுல பாதிப் பேரு இரை தேடுறதையே விட்டுட்டாங்க.

இந்த விளையாட்டுக்குன்னே அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருந்தான் தவசி. அவன் வலது கண்ணு எதிரியைப் பார்த்துக்கிட்டு இருக்கும்போது இடது கண்ணு தனியா மேப்பைப் பார்க்கும். குரங்குகூட அவன்கிட்ட ரெண்டு நிமிஷம் தாங்கலை. காட்டுத் தகுதிப் போட்டி நடந்தப்ப ஆலமரத்துல பெரிய திரை கட்டியிருந்தாங்க. முடிவுல முதல் பேரா 'தவசி'ன்னு வந்துச்சு.

"யாருப்பா அது தவசி?"ன்னு கூட்டமே கேட்டுச்சு.

"நான்தாங்க"ன்னான் தவசி. ஆலமரத்துக்கு நேர் கீழதான் நின்னான்.

"குரல் வருது, ஆளைக் காணோமே"ன்னு கூட்டம் அங்கேயும் இங்கேயும் திரும்பிப் பார்த்துச்சு. பத்து நிமிஷம் தேடுச்சு. அப்புறம் பசி எடுத்ததும் கலைஞ்சு போயிருச்சு.

அன்னிக்குத்தான் தவசிக்கு முதமுதலா மனசு வலிச்சது. அடுத்த சுற்று, அதாவது உலகக் கோப்பை, கடலுக்கு அந்தப்புறம் பனித்தீவுல நடக்கப்போகுது. அங்க மேடை உண்டு, வெளிச்சம் உண்டு, கேமரா உண்டு. விளையாடுறவன் முகம் திரையில யானை சைசுக்குத் தெரியுமாம். கோப்பை கிடைக்குதோ இல்லையோ, ஒரே ஒரு தடவை நாலு பேரு கண்ணுல பட்டா போதும்னு நினைச்சான். வேற ஆசையே கிடையாது.

பனித்தீவுக்குப் போக விசா வேணும். விசா வாங்கித் தர்றதுக்குக் காட்டுல ஒரே ஆளு, மரங்கொத்தி எட்டியப்பன். ஒரே பொந்துக்குள்ள மனு டைப் அடிக்கிறது, ஜெராக்ஸ், ரீசார்ஜ், பாஸ்போர்ட் போட்டோ, எல்லாம். டைப் அடிக்கிற சத்தம் மூணு மைல் கேக்கும்.

"பொறந்த தேதி சொல்லு தம்பி"ன்னாரு எட்டியப்பன்.

"முட்டை இட்ட தேதியாண்ணே, பொரிச்ச தேதியாண்ணே?"

எட்டியப்பன் ரெண்டு விதிப் புத்தகத்தையும் புரட்டினாரு. "போட்டி விதியில பொரிச்ச தேதி கேக்குறான். விசா விதியில இட்ட தேதி கேக்குறான். நடுவுல எவ்வளவு நாளு?"

"ஏழு மாசம்ணே."

"அந்த ஏழு மாசமும் நீ எங்க இருந்த? கேப்பான்."

"மண்ணுக்குள்ள."

"நல்லது. 'முன்பு வசித்த முகவரி'ன்னு ஒரு கட்டம் காலியா இருக்கு. அதுல போட்டுருவோம்."

டொக் டொக்னு அடிச்சாரு. அடுத்த கட்டம் வந்ததும் அலகை நிறுத்திட்டாரு. விளையாட்டு வீரர் விசான்னா, காட்டு விளையாட்டு மன்றத்துத் தலைவர்கிட்ட 'இவர் வீரர்தான்'னு சான்று வாங்கணும். தலைவரு ஒரு கடமான். ஓட்டத்துல இளமைக் காலத்துல வாங்கின பதக்கத்தை இன்னும் கழுத்துலேருந்து கழட்டலை.

"என்ன விளையாட்டுய்யா?"ன்னாரு கடமான், குரல் வந்த பக்கம் குத்துமதிப்பாப் பார்த்து.

"போன்ல ஆடுறதுங்கய்யா. ஈ-ஸ்போர்ட்ஸ்னு சொல்றாங்க."

"ஈ பிடிக்கிற போட்டியா?"

"அது சாப்பாட்டுக்குப் பண்றதுங்கய்யா. இது வேற."

"இதுல ஓடணுமா?"

"இல்லீங்க."

"தாண்டணுமா?"

"உக்காந்துக்கிட்டே ஆடலாம்ங்க."

"வேர்க்கவாவது செய்யுமா?"

"எங்க இனத்துக்கே வேர்வை கிடையாதுங்கய்யா."

கடமான் கொம்பை மரத்துல உரசிக்கிட்டே யோசிச்சாரு. "வேர்க்காதவனுக்கு வீரர்னு எழுதிக் கொடுத்தா, நாளைக்குப் பாறாங்கல்லு வந்து வரிசையில நிக்கும். போயிட்டு வாய்யா."

தவசி சோர்ந்து போய் திரும்பி வந்தான். எட்டியப்பன் விஷயத்தைக் கேட்டுட்டு, ஒரு தேக்கு இலை நிறையத் தண்ணி மொண்டு அவன் தலையில ஊத்தினாரு. "இப்ப ஓடு. காயிறதுக்குள்ள போ."

சொட்டச் சொட்ட வந்து நின்னவனைப் பார்த்ததும் கடமானுக்குக் கண்ணே கலங்கிப் போச்சு. "இப்பச் சொல்லு, இதான்யா பயிற்சி!"ன்னு குளம்பு வெச்சு கையெழுத்துப் போட்டாரு.

பாக்கி இருந்தது போட்டோதான். எட்டியப்பன் பொந்துக்குப் பின்னாடி ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, தவசியை அதுக்கு முன்னாடி உக்கார வெச்சாரு. விதியை ஒவ்வொண்ணா வாசிச்சாரு. பின்னணி வெள்ளையா இருக்கணும். சிரிக்கக் கூடாது. பல்லு தெரியக் கூடாது. நிழல் விழக் கூடாது. தொப்பி, கண்ணாடி ஆகாது. ரெண்டு கண்ணும் நேராக் கேமராவைப் பார்க்கணும்.

மத்ததெல்லாம் சுலபம். அந்தக் கடைசி விதியிலதான் தவசி திணறிட்டான். வலது கண்ணு கேமராவுக்கு வந்தா, இடது கண்ணு எறும்பு வரிசைக்குப் போயிரும். இடதை இழுத்துட்டு வந்தா, வலது ஆகாயத்தைப் பார்க்கும். அரைமணி நேரம் போராடி, மூச்சை அடக்கி, ரெண்டையும் ஒரே இடத்துல கொண்டு வந்து நிறுத்தினான். எட்டியப்பன் டக்குனு அமுக்கிட்டாரு.

எட்டுப் பிரதி வெளியில வந்துச்சு. எட்டும் வெறும் வெள்ளைக் காகிதம்.

"போட்டோ எங்கண்ணே?"

"இதான் போட்டோ."

"நான் எங்க இருக்கேன்?"

எட்டியப்பன் காகிதத்தைத் தூரத்துல பிடிச்சுப் பார்த்தாரு, கிட்டத்துல பிடிச்சுப் பார்த்தாரு. "நடுவுலதான் இருக்க. கொஞ்சம் இடது பக்கம் சாஞ்சிருக்க."

வெள்ளை வேட்டிக்கு முன்னாடி அரைமணி நேரம் உக்காந்தா பச்சோந்தி என்ன ஆகும்னு ரெண்டு பேருக்குமே தோணலை. மறுபடி எடுக்கலாம்னா, தூதரகத்து நேர்காணலுக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. அந்தக் காகிதத்தையே ஒட்டி எடுத்துக்கிட்டு ஓடினான்.

பனித்தீவுத் தூதரகம் ஆத்தோரத்துல இருந்துச்சு. உள்ள ஒரு பெரிய ஐஸ் பெட்டி, அதுக்குள்ள கறுப்புக் கோட்டு மாதிரி முதுகோட ஒரு பென்குயின் அதிகாரி. வெளியில வரிசை. எல்லாரும் ஒவ்வொரு காட்டுலேயும் ஜெயிச்சு வந்தவங்க.

ஒரு குரங்கு அழுதுக்கிட்டே வெளியில வந்துச்சு. "பல்லு தெரியுதாம்." அடுத்து யானை வந்துச்சு. "என் காது நிழல் விழுதாம். காதை வீட்டுல வெச்சுட்டு வரச் சொல்றான்." அதுக்கு அடுத்து ஆந்தை. "கண்ணாடியைக் கழட்டுங்கன்னான். இது என் கண்ணுய்யான்னேன். விதியில அதுக்குத் தனிப் பிரிவு இல்லையாம்."

முகம் இருக்குற இவங்களுக்கே இந்தக் கதின்னா, முகமே இல்லாத போட்டோவைக் கொண்டு வந்தவன் கதி என்னன்னு நினைச்சுக்கிட்டே தவசி உள்ள போனான்.

"எதுக்காகப் போறீங்க?"ன்னாரு அதிகாரி.

"விளையாடுறதுக்குங்கய்யா. மேடையில உக்காரணும்."

"திரும்பி வருவீங்கன்னு என்ன நிச்சயம்?"

"அங்க பூச்சியே கிடையாதாம்ங்கய்யா."

அதிகாரி அதைக் குறிச்சுக்கிட்டாரு. அப்புறம் போட்டோவை எடுத்தாரு. ரொம்ப நேரம் பார்த்தாரு. பக்கத்துல விதிப் பட்டியலை வெச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா டிக் அடிச்சாரு. பின்னணி வெள்ளை, டிக். சிரிப்பு இல்லை, டிக். பல்லு இல்லை. நிழல் இல்லை. தொப்பி இல்லை, கண்ணாடி இல்லை. கண்ணு ரெண்டும் வேற எங்கேயும் பார்க்கலை. கடைசி டிக் அடிச்சு முடிச்சதும் எந்திரிச்சு நின்னாரு.

"முப்பது வருஷ சர்வீஸ்ல நான் பார்த்ததுலயே குத்தமில்லாத போட்டோ இது ஒண்ணுதான்"னு சொல்லி முத்திரையைக் குத்தினாரு. "ஒரே ஒரு நிபந்தனை. அங்க இருக்குற வரைக்கும் உங்க முகம் இந்தப் போட்டோ மாதிரியே இருக்கணும். மாறுச்சுன்னா அந்த நிமிஷமே விசா ரத்து."

"சரிங்கய்யா"ன்னான் தவசி. கதவு தாண்டின பிறகுதான் எதுக்குச் சரி சொன்னோம்னு அவனுக்கு உறைச்சுது.

வலசை போற நாரை முதுகுல ஏறிப் பனித்தீவுக்குப் போய் இறங்கினான். எங்க பார்த்தாலும் வெள்ளை. தவசி ஒண்ணுமே செய்ய வேண்டி இருக்கலை, தானா வெளுத்துட்டான். குடியேற்ற வாசல்ல இருந்த பென்குயின், காலி போட்டோவையும் காலி இடத்தையும் மாறி மாறிப் பார்த்துட்டு, "அப்படியே உரிச்சு வெச்ச மாதிரி இருக்கீங்க"ன்னு உள்ள விட்டாரு.

அரங்கத்துல பதினாறு நாற்காலி. பதினாலு உண்மையிலேயே காலி. விசா கிடைக்காதவங்களோடது. ஒண்ணுல உள்ளூர்ப் பென்குயின் ஒருத்தன் உக்காந்திருந்தான். போட்டி நடத்துறவரோட தங்கச்சி மகன். உள்ளூர்க்காரன்கறதால விசா வேண்டாம், மருமகன்கறதால தகுதிப் போட்டியும் வேண்டாம். பதினாறாவது நாற்காலியில தவசி ஏறி உக்காந்தான். அதுவும் வெள்ளை நாற்காலி.

"பதினஞ்சு பேரும் வரலை"ன்னு மைக்ல அறிவிச்சாரு நடத்துறவரு.

"வந்திருக்கேங்க!"ன்னு கத்தினான் தவசி.

"குரல் கேக்குது. ஆனா விதிப்படி முகம் கேமராவுல தெரியணும். பத்து எண்ணுவேன். தெரியலைன்னா என் மருமகன் ஜெயிச்சதா அறிவிச்சிருவேன். ஒண்ணு..."

தவசி ஒரு கண்ணால பெரிய திரையைப் பார்த்தான். யானை சைசுக்கு ஒரு காலி நாற்காலி. இன்னொரு கண்ணால வாசலைப் பார்த்தான். அங்க குடியேற்ற அதிகாரி, கையில அந்த வெள்ளைப் போட்டோவோட. நிறம் மாறினா நாடு கடத்துவாங்க. மாறலைன்னா, பேசாம வெள்ளையாவே உக்காந்திருந்து, சுத்திப் பார்த்துட்டு, கௌரவமா ஊருக்குத் திரும்பலாம். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

"அஞ்சு... ஆறு..."

முதுகுல உக்காந்து மாமியார் கதை பேசின மைனா அவனுக்கு ஞாபகம் வந்துச்சு.

"எட்டு... ஒம்பது..."

முதல்ல வால் பச்சையாச்சு. அப்புறம் முதுகு, கொன்றைப் பூ மாதிரி மஞ்சள். வயித்துல ஆரஞ்சு வரி வரியா ஓடுச்சு. தொண்டை செவ செவன்னு ஆச்சு. இத்தனை நிறம் தன்கிட்ட இருக்குன்னு அவனுக்கே தெரியாது. யாரும் கேக்காததால எடுத்துப் பார்த்ததில்லை. திரையில யானை சைசுக்கு அவன் முகம் வந்துச்சு. கறுப்பையும் வெள்ளையையும் தவிர வேற எதையும் பார்த்தறியாத அந்த ஊர்ப் பென்குயின்க எல்லாம் எந்திரிச்சு நின்னுருச்சுங்க.

இங்க காட்டுல ஆலமரத்துத் திரை முன்னாடி எட்டியப்பன் துள்ளிக் குதிச்சாரு. "நம்ம தவசிடா! நான் போட்டோ எடுத்த பய!" மைனா மட்டும் தலையைச் சாய்ச்சுச் சாய்ச்சுப் பார்த்துச்சு. "இவரை எங்கேயோ பார்த்திருக்கேனே... பார்த்திருக்கேனா, இல்லை உக்காந்திருக்கேனா?"

ஆட்டம் பதினோரு நிமிஷத்துல முடிஞ்சுது. நடத்துறவரோட மருமகன் மரத்துலேருந்து விழுந்த சத்தம் போன்லேயே பலமாக் கேட்டுச்சு. அதிகாரி அதுவரைக்கும் காத்திருந்தாரு, பாவம், அவருக்கும் முடிவு தெரிஞ்சாகணுமே. முடிஞ்சதும் வந்து அறிக்கை வாசிச்சாரு: "நாட்டுக்குள்ள வந்தவர் வெள்ளை. ஜெயிச்சவர் பல நிறம். ஆகவே, வந்தவர் விளையாடலை. விளையாடினவர் வரவே இல்லை."

கோப்பை மருமகனுக்குப் போச்சு. தவசி அடுத்த நாரையில ஊருக்கு வந்தான்.

ஏரிக்கரையில காடே திரண்டு நின்னுச்சு. கடமான் கொம்புல பெரிய மாலை. நாரை இறங்குச்சு. தவசி களைச்சுப் போய் மணல்ல காலை வெச்சான், அவ்வளவுதான், மணலாயிட்டான். "ஆளு எங்கப்பா? வரலையா?"ன்னு ஒரே கூச்சல். "இங்கதான்டா எங்கேயாவது இருப்பான்"னு சொல்லி எட்டியப்பன் மாலையை வாங்கிக் குத்துமதிப்பா வீசினாரு. மாலை தரையில விழலை. அரை அடி உசரத்துல அந்தரத்துல தொங்குச்சு. அதை வெச்சு ஆளைக் கண்டுபிடிச்சுத் தூக்கிக்கிட்டுப் போனாங்க. அன்னியிலேருந்து தவசி அந்த மாலையைக் கழட்டுறதே இல்லை. பூ உதிர்ந்து நாராப் போச்சு, இருந்தாலும் வழியில எல்லாரும் நின்னு "என்ன தவசி, சாப்பிட்டியா?"ன்னு கேட்டுட்டுத்தான் போறாங்க.

பனித்தீவுத் தூதரகம் இப்பவும் ஆத்தோரத்துலதான் இருக்கு. வாசல் பலகையில தவசியோட போட்டோவைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்காங்க. கீழ 'மாதிரிப் புகைப்படம். அனைவரும் இவ்வாறே எடுத்து வரவும்'னு எழுதியிருக்கு. அதுக்கு முன்னாடி யானையும் குரங்கும் ஆந்தையும் காலையிலேருந்து வரிசையில நின்னு, அந்த வெள்ளைக் காகிதத்தை உத்துப் பார்த்துக்கிட்டு இருக்குதுங்க.

நீதி: எல்லா விதிக்கும் பொருந்துற ஒரே விண்ணப்பதாரர் ஆளே இல்லாதவர்தான், ஆகவே விசாவுக்குப் போட்டோ எடுக்கப் போகும்போது, தயவுசெஞ்சு நீங்க போகாதீங்க.